தொட்டிலுக்கு மேலே இருந்த பெட்டி

கோரிப்பாளையத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பச்சைக்குழந்தை வார்டுக்குப் புது வைஃபை பெட்டி மாட்டினேன். குழந்தைகளின் இதயத்துடிப்பு அதன் வழியாகத்தான் டாக்டர் போனுக்குப் போகும். பிறகு, என் மகளுக்குக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை அங்கேதான் வைத்தார்கள்.

எழுமலையிலிருந்து வந்த சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்த்தார். “பிள்ளை தலைக்கு மேல கதிர்வீச்சுப் பெட்டிய மாட்டுனது நீங்கதானாம்ல! இம்புட்டு நெஞ்சழுத்தமாண்ணே?”

எட்டாவதோடு நின்றவன் நான். கெடுதல் இல்லை என்று நான் சொன்னது எடுபடவில்லை. அவர் போட்ட சத்தத்தில், பெட்டியை வராந்தாவுக்கு மாற்றச் சொன்னார்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். நானே மாற்றினேன். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரன் பிழைத்தான். பெட்டியை எடுத்ததால்தானாம்.

இன்றும் சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனால், “செல்போன வாசல்லயே வச்சுட்டு வாங்கண்ணே” என்கிறார். உள்ளே, தன் செல்லில் படம் காட்டித்தான் பேரனுக்குச் சோறு ஊட்டுகிறார்.