வேப்பெண்ணெய்க்கு எந்தக் கடை?

இன்று பறித்த கத்தரிக்காயில் பாதி சொத்தை. அத்தனையும் மாட்டுக்குத்தான் போட்டேன்.

வயிற்றெரிச்சலோடு கறம்பக்குடி பூச்சிமருந்துக் கடைக்குப் போய், "வேப்பெண்ணெய் இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நாட்டு மருந்துக் கடையில கேளுங்க. இங்கிட்டு பூச்சிமருந்து மட்டுந்தான்."

நாட்டு மருந்துக் கடையிலோ, "செடிக்கு அடிக்கவா? அது பூச்சிமருந்துக் கடையிலதாங்க கெடைக்கும்" என்றார்கள்.

வெயிலில் பூச்சிமருந்துக் கடைக்கே திரும்பி வந்தேன். கடைக்காரர் தலைக்கு மேலேயே வேப்பிலைப் படம் போட்ட பாட்டில் இருந்தது.

"அது என்னண்ணே?"

"அசாடிராக்டின். புழுவுக்கு நல்லாக் கேக்கும்."

"வேப்பங்கொட்டையில எடுக்குறதுதானே அது?"

"அந்தப் பேரச் சொல்லிக் கேட்டிருந்தா மொதல்லயே குடுத்திருப்பேன்ல?"

வாங்கிக்கொண்டு வருவதற்குள் எங்கள் ஊர் பஸ்ஸும் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் ஊர்க் கடையில் வேப்பெண்ணெய்க்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்?