என்னோடு நடந்து, தனியாக ஓடியவன்

பக்கத்து வீட்டு அந்துவானின் பேச்சை இனி யாராவது நம்பினால், என்னிடம் வந்து அழாதீர்கள்.

பள்ளிக் கால்பந்து டீமில் ஓர் இடம் காலி. "ரெண்டு குண்டனுங்கள்ல எவன் எளைக்கிறானோ அவன் வரட்டும்" என்று கேப்டன் சொல்லிவிட்டான்.

"சேந்தே எளைப்போம்டா" என்றான் அந்துவான். நம்பினேன்.

தினமும் மாலை முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரைக்கு நடந்தோம். நான் எட்டி நடை போட்டால் கையைப் பிடித்து இழுப்பான். "மெதுவாடா. மூச்சு வாங்கினா நெஞ்சுக்கு ஆவாது. பேசிக்கினே நடக்கணும்."

திரும்பும் வழியில் ரொட்டிக்கடை. ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியும் அந்த ரொட்டியின் மொறுமொறுப்பு மாறவில்லை. "எனக்குப் பசிக்கல, நீயே துன்னு" என்று தன் பாதியையும் என்னிடம் தந்துவிடுவான். என்ன பாசம் என்று உருகினேன்.

இன்று காலை அரிசி மண்டித் தராசில் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தோம். எனக்கு எடைக்கல் போதவில்லை. அவனுக்கோ, வைத்த கல்லை மண்டிக்காரர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

அரிசி வாங்க வந்த மீன்காரம்மா சிரித்தார். "எளைக்காம என்னா? தெனம் விடியக்காலம் எங்க வைத்திக்குப்பத்து மணல்ல நாய் தொரத்தினாப்ல ஓடுதே இந்தப் புள்ள!"

அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். "எடம் ஒண்ணுதானடா."

மாலையில் வழக்கம்போல வந்து, "நடக்கப் போலாமா?" என்றான். போனேன். ரொட்டிக்கடையில் என் பாதியையும் அவன் கையில் திணித்து, கடைசித் துணுக்கை அவன் விழுங்கும்வரை நகராமல் நின்றேன்.

நீங்களாக இருந்தால் வெண்ணெயும் தடவியிருப்பீர்களா? சொல்லுங்கள், நாளைக்கும் ரொட்டிக்கடை உண்டு.