அண்ணன் பாடாமல் விட்ட கடைசி அடி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. கூட்டத்தில் பேச எனக்கு வராது. அதனால் இந்த நினைவு மலருக்கு எழுதித் தருகிறேன்.

அண்ணன் சதுரங்கப்பட்டினம் குப்பத்தில், கோட்டைச் சுவருக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே கடலுக்குப் போனார். சாவு வீடுகளில் கானா பாடுவார். பாட்டெல்லாம் அவரே கட்டியவை.

தாய்மாமன் மகளை மறுத்து, அச்சரப்பாக்கத்து விவசாயக் குடும்பத்து அண்ணியை மணந்தார். அப்போது ஊர்த் தலைவர் மாமாதான். அண்ணனை யாரும் படகில் சேர்க்கக் கூடாது, பிறந்த வீட்டுக்குள்ளும் விடக் கூடாது என்றார். நான் பயந்து பேசாமல் இருந்தேன். அண்ணன் திருப்போரூரில் வாடகைக்குப் போய், மினி லாரி ஓட்டி, மகளைப் படிக்க வைத்தார். மாமாவைப் பற்றி யாரிடமும் குறை சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் கட்டிய பாட்டெல்லாம் வீட்டைத் தேடியே போயின.

எந்த வூட்ல படுத்தாலும் அலை வந்து கூப்புடுது
கோட்டைச் செவுரு ஓரத்துல கதவு என்னைத் தேடுது
வாடகைக்கு ஒடம்பு போச்சு, வாசலுல உசுரு
சதுரங்கப்பட்டினந்தான் செத்தாலும் என் ஊரு

கடைசி அடியில் தன் ஊரைச் சொல்லி முடிப்பது எங்கள் பக்கத்துப் பாட்டுக்காரர்களின் வழக்கம். ஒரு சாவு வீட்டில் அண்ணன் அந்த அடிக்கு வரும்போது மாமா கையை நீட்டி மறித்தார்.

“இன்னாடா, வாடகை வூட்ல கீறவனுக்கு எங்க ஊர் பேரு எதுக்கு? திருப்போரூர்னு பாடு. முருகனாவது கேப்பாரு!”

எல்லோரும் சிரித்தார்கள். தாளம் போட்டுக்கொண்டிருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து அண்ணன் கடைசி அடியைப் பாடவே இல்லை. அந்த இடத்தில் தாளம் மட்டும் போகும். வேறு ஊர்ப் பெயரும் வைக்கவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம், “தம்பி, அந்தப் பாட்டு பாதில நிக்கிதுடா” என்றார்.

கருமாதிக்கு மாமா கோடித் துணியோடு திருப்போரூர் வந்தார். “எங்க ஊர்ப் புள்ளடா! எங்க பாட்டுக்காரன்டா!” என்று அழுதார். நான் வாசலை மறித்து நின்றேன்.

“துணி அப்புறம் மாமா. கடைசி அடியப் பாடிட்டு உள்ள வாங்க.”

“சாவு வூட்ல இன்னாடா பேஜாரு பண்ற?”

“நீங்க பண்ணதும் சாவு வூட்லதான்.”

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி வந்து என் பக்கத்தில் நின்றார். நான் தாளம் போட்டேன். மாமா இரண்டு முறை தடுமாறினார். இரண்டு முறையும் முதலிலிருந்து பாட வைத்தேன். மூன்றாவது முறை ஊர்ப் பெயரோடு முடித்தார். வழி விட்டேன். மனம் மட்டும் ஆறவில்லை.

அண்ணனைக் கவனித்த மருத்துவர், செவிலியர்களுக்கும், திருப்போரூர் வீட்டுக்காரருக்கும், உடன் லாரி ஓட்டிய நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரைக் குப்பத்தில் வீட்டுக்கு ஒன்றாக நானே கொண்டுவந்து தருவேன். மாமாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அவர் வாசலில் மட்டும் நின்று அந்தப் பாட்டைக் கடைசி அடியோடு பாடிக் காட்டுவேன். வருடா வருடம், இதே நாளில்.