காற்றாலை மேலிருந்து பெண் கேட்ட மாலுமி

வடக்கு டகோட்டாவில் எங்கள் விக் என்னும் ஊரிலிருந்து எத்திசை நோக்கி நடந்தாலும் கடலைக் காணுமுன் காலணி தேய்ந்துவிடும். அத்தகைய மண்ணில் பிறந்த ஆர்விட் ட்வைட் கடற்படைக்குப் போனான். போர்க்காலம் முழுவதும் பசிபிக்கில் ஒரு கப்பலின் மேல்தளத்தில் நின்று, இரு கைகளிலும் கொடி பிடித்து, பிற கப்பல்களோடு பேசுவதே அவன் பணி. கொடி நிற்கும் கோணம் ஒவ்வொன்றும் ஓர் எழுத்து. ஊர் திரும்பியபின் எவரேனும், கோதுமை வயலும் கடலும் ஒன்றுபோல் தோன்றுமா என்று கேட்டால் அவனுக்குக் கோபம் வரும்.

"அப்படிச் சொல்றவன் கடலையும் பாத்திருக்க மாட்டான், கோதுமையும் அறுத்திருக்க மாட்டான்" என்பான்.

அவன் பிறந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். அவன் பாட்டனார் ஓஸ்மண்டும் பாட்டியார் கேரனும் நார்வேயிலிருந்து வந்து, மணமாகுமுன்பே, அடுத்தடுத்த இரு நிலங்களை அரசிடம் பெற்றவர்கள். நிலம் பெற்றவர் ஐந்தாண்டு அந்நிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது அக்காலச் சட்டம். கணவனுள்ள பெண்ணுக்கோ தனி நிலம் கிடையாது. ஆகவே எல்லைக்கோட்டின் மேலேயே ஒரே வீட்டைக் கட்டினார்கள். கிழக்குப் பாதியில் ஓஸ்மண்ட் தம் நிலத்தில் உறங்கினார். மேற்குப் பாதியில் கேரன் தம் நிலத்தில் உறங்கினார். கோட்டின் மேல் கேரனின் தமக்கை கட்டில் போட்டுப் படுத்தாள். ஐந்தாண்டும் சட்டத்திற்கும் திருச்சபைக்கும் அவளே வேலி. நிலப்பத்திரம் கைக்கு வந்த மறுவாரம் திருமணம் நடந்தது. தமக்கை அன்றுதான் நிம்மதியாக உறங்கினாளாம்.

போர் முடிந்து மீண்ட ஆர்விட்டின் நெஞ்சைக் கவர்ந்தவள் ஒரு மைல் தொலைவில் இருந்த பக்கென் வீட்டு ரக்னா. அவளோ அறுவடை முடிந்ததும் ரயிலேறி மினியாபொலிஸ் சென்று செவிலியர் பயிற்சியில் சேர இருந்தாள். பயணச்சீட்டும் வாங்கியாயிற்று. ஒரு கோடைக்குள் அவள் மனத்தை அறிந்தாக வேண்டும். இல்லையேல் அவள் போய்விடுவாள்.

தொலைபேசி இருந்தது. ஆனால் பத்து வீட்டுக்கும் ஒரே கம்பி. எந்த வீட்டுக்கு மணி அடித்தாலும் பத்து வீட்டிலும் கருவியை எடுப்பார்கள். எடுப்பவர் தொகை கூடக்கூடப் பேசுவோர் குரல் மெலியும். ஆர்விட் முதன்முறை அழைத்தபோது, "வானிலை நல்லாருக்கு" என்பதே மரணப்படுக்கையிலிருந்து வருவதுபோல் ஒலித்தது.

"பெட்ரா அக்கா, உங்க வீட்டுக் கடிகாரம் இங்க வரைக்கும் கேக்குது. வெச்சிடுங்களேன்" என்றாள் ரக்னா.

"நான் எடுக்கவே இல்லையே!" என்றது கம்பியில் பெட்ரா லீனின் குரல்.

அதன்பின் ஆர்விட் வேறு வழி கண்டான். திருச்சபைப் பாடற்பயிற்சிக்கு வரும்போதெல்லாம் ரக்னாவுக்கு ஓரிரு எழுத்துகளாகக் கொடிமொழியைக் கற்பித்தான். கிணற்றுக் காற்றாலையின் உச்சித்தட்டில் அவனும், தானியக் களஞ்சியத்தின் கூரைமேல் அவளும் நின்று, ஆளுக்கொரு பைனாகுலரோடு நாள்தோறும் மாலையில் பேசலாயினர். கண்ணுக்கெட்டிய தொலைவெல்லாம் மேடு பள்ளமற்ற எங்கள் நாட்டில், காற்றாலை உச்சியில் நின்று கொடி வீசுபவன் எவர் கண்ணுக்கும் தெரியமாட்டான் என்று அவன் எங்ஙனம் எண்ணினானோ, ஆண்டவரே அறிவார்.

முதல் வாரம், போர் அவன் மூளையைத் தாக்கிவிட்டது என்று ஊர் இரங்கியது. பெட்ரா ஒரு பானை இறைச்சி உருண்டை செய்து அவன் தாய் இங்காவுக்கு ஆறுதலாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டாம் வாரம் ரக்னாவும் கூரையேறுவதைக் கண்டு இரக்கம் ஆர்வமாயிற்று. சாரணச் சிறுவர்களின் கையேட்டில் இந்தக் கொடியெழுத்துகள் அனைத்தும் படத்துடன் இருப்பதை எவரோ கண்டறிந்தார். அந்த மாதம் எங்கள் தபால்காரர், அஞ்சல்வழிக் கடையிலிருந்து வந்த சாரணர் கையேட்டை அநேகமாக எல்லா வீட்டிலும் கொடுத்தார். அவற்றுள் பல வீடுகளில் சிறுவனே கிடையாது. பாஸ்டர் எல்ஸ்டாட் வீட்டில் மூன்றும் பெண்கள்.

எங்கள் மக்களின் இயல்பை இங்கே சொல்ல வேண்டும். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது எங்களுக்கு மூச்சுவிடுவது போன்றது. கேட்டேன் என்று ஒப்புக்கொள்வதோ பெரும் மானக்கேடு. ஆகவே மாலைதோறும் பத்து வீட்டினரும் வேலியைச் செப்பனிடுவார்கள். உதடுகள் மட்டும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும். ஒருவரோடொருவர் ஒரு சொல் பேசார்.

கதிரடிக்கும் இயந்திரம் பக்கென் வீட்டுக்கு வரவிருந்த நாளின் முந்தைய மாலை, ஆர்விட் காற்றாலையேறிக் கேட்டான்: "என்னை மணப்பாயா?" வேலிகள் அனைத்திலும் சுத்தியல் நின்றது. கூரைமேல் ரக்னா நிமிர்ந்து நின்று கொடிகளை உயர்த்தினாள்.

"சம்மதம். ஆனால்"

அந்நேரம் பார்த்து இயந்திரம் ஒருநாள் முன்னதாகவே புகை கக்கிக்கொண்டு முற்றத்தில் நுழைந்தது. "ரக்னா! எறங்கி வா! ஆளுங்களுக்குக் காபி யாரு போடுறது?" என்று கீழிருந்து அவள் தந்தை டோலெஃப் கத்தினார். அவள் இறங்கிவிட்டாள்.

அன்றிரவு விக் ஊரில் எவரும் நன்றாக உறங்கியிருக்க இயலாது. மறுநாள் கதிரடிப்புக்குப் பத்து வீட்டு ஆண்களும், சமையலுக்குப் பெண்களும் பக்கென் வீட்டிலேயே கூடினர். நண்பகல் உணவுக்கு நீள மேசையில் எல்லோரும் அமர்ந்தனர். ஆர்விட்டுக்கு எதிரிலேயே ரக்னா கிண்ணத்தோடு நின்றாள். அவன் கையெட்டும் தொலைவு. ஒரு மைலுக்கு அப்பாலிருந்து பெண் கேட்கத் துணிந்தவன், இப்போது கேட்டது இதுதான்:

"உருளைக்கிழங்கு இருக்கா?"

"இருக்கு."

"கொஞ்சம் போடு."

போட்டாள். அவன் தின்றான். மறுபடி கேட்டான்; மறுபடி போட்டாள். மேசையில் கரண்டியோசைகூட இல்லை. நான்காம் முறை அவன் தட்டை நீட்டியபோது பெட்ரா லீன் கையிலிருந்த காபிக் கெண்டியை டொப்பென்று வைத்தாள்.

"ஆனா என்னடி? அதச் சொல்லித் தொலையேன்!"

பெட்ரா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"பெட்ரா! நீ அதப் படிச்சியா?" என்றார் டோலெஃப்.

"படிச்சேன்! நீங்க ஏன் 'அது என்ன'ன்னு கேக்கல? 'அதப் படிச்சியா'ன்னுல்ல கேக்குறீங்க!"

டோலெஃப் ரொட்டியைப் பார்த்தார். பாஸ்டர் கூரையைப் பார்த்தார். ஆர்விட்டின் முகம் பீட்ரூட் நிறமாயிற்று. ரக்னா மட்டும் அசையவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்து, கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஆனா, கேரன் பாட்டியோட மேற்குப் பாதி நிலம் என் பேர்ல இருக்கணும். நான் நர்சாப் போனா கையில சொந்தச் சம்பளம் இருக்கும். இவன் கூட வந்தா என்ன இருக்கும்? சம்பளமோ நிலமோ, ஏதாவது ஒண்ணு எனக்குன்னு வேணும். அந்தப் பாட்டி கல்யாணத்துக்கு முந்தியே நிலம் வெச்சிருந்தா. நான் அதுக்குக் கொறஞ்சு வரமாட்டேன்."

நிலம் முழுவதும் அப்போது கைம்பெண்ணான இங்காவின் பெயரில் இருந்தது. எல்லோர் கண்களும் அவள்பால் திரும்பின. இங்கா அவசரப்படாமல் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து ஒரு வாய் காபி உறிஞ்சினாள்.

"இதையும் கொடியிலயே சொல்லியிருந்தா நான் நேத்தே பதில் சொல்லியிருப்பேன்" என்றாள்.

"அம்மா! நீயுமா?"

"எனக்கு மட்டும் கண்ணு இல்லையாடா? உனக்கு 'ர' சரியா வரல, கை தாழுது. ரக்னா, மேற்குப் பாதி உன்னுது. அடுப்பு கிழக்குல இருக்கு. நான் கண்ண மூடுற வரைக்கும் அது என்னுது."

அக்டோபரில் திருமணம். பயணச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துக் கிடைத்த பணத்தில் ரக்னா மேற்குப் பாதிக்குத் தனியாக ஓர் அடுப்பு வாங்கினாள்.

ஆர்விட் வீட்டின் நடுவே, எல்லைக்கோடு ஓடும் இடத்தில், கப்பற் சாம்பல்நிற வண்ணத்தால் ஒரு கோடு தீட்டினான். ஒவ்வொரு மாலையும் வயலிலிருந்து மீண்டு அக்கோட்டின் முன் நின்று, கப்பலில் கேட்கும் முறைப்படியே, "ஏறி வரலாமா?" என்று கேட்பான்.

"பூட்ஸைக் கழட்டிட்டு வா."

இப்படியே ஆண்டுகள் கடந்தன. நான்கு பிள்ளைகள் பிறந்தனர். எந்தப் பாதியில் பிறந்தோம் என்பதை வைத்து இன்றும் சண்டையிடுகின்றனர். ஆலங்கட்டி மழையில் கோதுமை வீழ்ந்த ஆண்டு ரக்னாவின் பாதி தப்பியது. குளிர்காலம் முழுவதும் அவன் அவளிடம் கோதுமையை விலைக்கு வாங்கித் தின்றான். அவள் தள்ளுபடி தரவில்லை. எண்பது வயதிலும் காற்றாலையேறுவேன் என்று அடம்பிடித்தான்; மகன் ஏணியைக் கழற்றி ஒளித்துவைத்தான்.

தொண்ணூற்று நான்காம் வயதில், மேற்குப் பாதியில், அனுமதி பெற்ற பின்னரே அவன் கண்மூடினான்.

அடக்கத்திற்குக் கடற்படையிலிருந்து இளைஞர் இருவர் வந்து, பெட்டிமேல் விரித்த கொடியை முக்கோணமாக மடித்து ரக்னாவிடம் மண்டியிட்டுக் கொடுத்தனர். அவள் அதை மகளிடம் தந்துவிட்டு, சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெறுங்கைகளை உயர்த்தி எழுத்தெழுத்தாகக் காட்டினாள். அறுபது எழுபது ஆண்டுகள் அவன் கோட்டின் முன் நின்று கேட்ட அதே கேள்வியை இப்போது அவள் கேட்டாள்: "ஏறி வரலாமா?" பின் கைகளைத் தாழ்த்தினாள், யோசித்தாள், மீண்டும் உயர்த்தி ஒரே ஒரு சொல் சேர்த்தாள்.

கல்லறைத் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் கைக்குட்டையைத் தேடியது. சிலர் சிரிப்பை அடக்கவும் தேடினர்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று அந்த இளம் மாலுமிகளுள் ஒருவன் பக்கத்திலிருந்த மார்லிஸிடம் தாழ்குரலில் கேட்டான். கொடிமொழி இப்போது கடற்படையில் எல்லாருக்கும் கற்பிக்கப்படுவதில்லையாம். மார்லிஸ், பெட்ரா லீனின் மகள்.

"எனக்கெப்படித் தம்பி தெரியும்? அடுத்தவங்க பேச்சுல தலையிடுற பழக்கம் எங்க வீட்டுல இல்ல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரக்னாவின் தோளில் கைவைத்து அவளை மெல்ல நாற்காலியில் அமர்த்தினாள்.

"ஆமா ரக்னா அத்தை, அவசரமே இல்ல. சர்ச்சுக்குள்ள வாங்க, காபி ஆறுது."