ஜாடியில் ஊற்றிய தண்ணீர்

என் கணவர் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். சாயத் தண்ணீரில் புளிப்பு போதுமா என்று பார்க்க, விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைப்பார். எங்கள் மகளுக்கு அந்தத் தொழில் தெரியாது. பழக்கம் மட்டும் வந்திருக்கிறது.

பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்காக மயில்துத்தம் என்கிற நீல உப்பில் படிகம் வளர்த்தாள். வெந்நீரில் இனிமேல் கரையாது என்னும்வரை தூளைக் கரைத்து ஆறவைத்து, சின்னப் படிகம் ஒன்றை நூலில் கட்டி ஜாடிக்குள் தொங்கவிட்டாள். ஆறிய தண்ணீரால் தாங்க முடியாத உப்பு அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளுமாம். சில நாளில் புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. ஜாடியில் ‘விஷம்’ என்று எழுதி ஒட்டியதும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முற்றத்தில் துப்பிக்கொண்டிருந்தாள்.

“என்னடி?”

“ஒண்ணும் இல்லம்மா. செறிவு போதுமான்னு நாக்குல தொட்டுப் பாத்தேன். துரு மாதிரி இருக்குது.”

விஷத்தை நீர்க்கச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு செம்பு தண்ணீரை எடுத்து ஜாடியில் ஊற்றினேன். வாய் கொப்பளிக்க வேண்டியது ஜாடி அல்ல என்பது பிறகுதான் உறைத்தது.

எங்கள் செவிலிமேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. டாக்டர் கேட்பார் என்று ஜாடியை மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்திலும் நீலம் தளும்பியது.

“ஏம்மா தண்ணி ஊத்தின? இனிமே அது படிகத்தைத் தின்னுடும்.”

“உனக்கு என்ன ஆவுமோன்னு நான் பதறிக்கினு இருக்கறேன்.”

“எனக்கு ஒண்ணும் ஆவலம்மா. அதுக்குத்தான் ஆவுது.”

டாக்டர், எவ்வளவு உள்ளே போனது என்று கேட்டார். நான் அழுதேன். அவள் பதில் சொன்னாள்.

“நூறு மில்லில முப்பது கிராமுக்கு மேல கரையும் சார். ஒரு சொட்டுன்னா பதினஞ்சு, இருபது மில்லிகிராம். அதையும் துப்பிட்டேன்.”

“இவ்ளோ கணக்கு தெரிஞ்சவ, நாக்கை ஏம்மா நீட்டினே?”

டாக்டர் அவளைச் சோதித்துவிட்டு, பயமில்லை, சில மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து அவள் ஜாடியைப் பார்த்தாள். நான் அவள் உதட்டைப் பார்த்தேன். புதுத் தண்ணீர் வந்ததும் செம்பு அயனியையும் சல்பேட் அயனியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போகிறது என்று எனக்கு விளக்கினாள். வாந்தி வருகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். நாங்கள் கிளம்பும்போது ஜாடியில் வெறும் நூல்தான் தொங்கியது.

மறுநாளே மறுபடி தொடங்கிவிட்டாள். சாயங்காலம் சாயப்பட்டறையிலிருந்து வந்த என் கணவர் ஜாடியைக் குனிந்து பார்த்தார்.

“கரெக்டா இருக்குதா?” என்றபடி விரலை நீட்டினார்.

அவர் மணிக்கட்டை நான் பிடித்த வேகத்தில் என் வளையல் உடைந்தது. அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வேணாம்பா. நான் ஏற்கெனவே பாத்துட்டேன்.”