சாய்தளமும் மீசையும் அட்டைக்கடியும்: ஓர் உதவி மையத்தின் முதல் வருஷம்

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவி மையத்தை நடத்துவது என்றால், ஒரு கையில் மனுவும் மறு கையில் கைப்பேசியுமாக நாள் முழுக்க யாரையாவது தேடிக்கொண்டிருப்பது என்று பொருள். நான் கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். ஒரு ஜூன் மாதம் முதல்வர் ஆசிரியர் அறைக்குள் வந்து, இந்த மையத்துக்கு ஒரு பொறுப்பாளர் தேவை என்றார். மற்றவர்கள் எல்லாரும் குனிந்து எதையோ எழுத ஆரம்பித்தார்கள். நான் அப்போதுதான் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியைக் கடித்திருந்தேன். மாட்டேன் என்று சொல்ல வாய் காலியாக இல்லை. இப்படி ஏதாவது ஒரு ‘கூடுதல் பொறுப்பை’ தலையில் வாங்கிக்கொண்ட ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷ வேலையில் காலையில் எப்போது விடியும் என்று நான் காத்திருந்தது அந்த ஒரு வருஷம்தான்.

மூன்றாம் மாடி

மையத்துக்கு முதலில் கொடுத்தது மூன்றாம் மாடியில் ஓர் அறை. பழைய விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைத்திருந்த இடம். அலுவலக உதவியாளர் தங்கம் அக்காவும் நானும் சேர்ந்து ஓட்டைப் பந்துகளை அள்ளி வெளியே போட்டோம், தரையைக் கழுவினோம், வாசலில் பலகை மாட்டினோம். புதுக்கடை திறந்தவளைப் போல நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மூன்று நாள் ஆகியும் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. எங்கள் கல்லூரியில் அப்படிப்பட்ட பிள்ளைகளே இல்லையோ என்றுகூட நினைத்துவிட்டேன்.

நான்காம் நாள் மதியம் ஒரு பெண் வந்தாள். அபிஷா, அந்த வாரம்தான் முதலாமாண்டு விலங்கியலில் சேர்ந்தவள். பிறந்ததிலிருந்தே கால்களில் பலம் குறைவு. இரண்டு ஊன்றுகோல்களை ஊன்றி நடப்பாள். வியர்வையில் சுடிதார் முதுகோடு ஒட்டியிருந்தது. படி ஏறி முடிக்க அரை மணி நேரம் ஆனதாம். தங்கம் அக்கா கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

“மேடம், இங்க ஏறி வாறதுக்கு எனக்கு தெம்பு உண்டும்னா, நான் எதுக்கு உதவி கேட்டு வாறேன்?”

கொத்தனார் ஏறிய சாய்தளம்

அடுத்த வாரமே தரைத்தளத்தில் அறை வாங்கிவிட்டேன். ஆனால் அந்தக் கட்டிடத்தின் வாசலிலும் மூன்று படிகள். பழைய மாணவர்கள் தந்த சக்கர நாற்காலி ஒன்று படிக்குக் கீழேயே நின்றது. சாய்தளம் கட்டக் கொத்தனார் வந்தார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும், நமக்கு ஒன்றரை அடி உயரம், ஆகப் பதினெட்டடி என்று கணக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். முப்பது வருஷமாகச் சரிவு கட்டுகிறவருக்கு ஒரு டீச்சர் அளவு சொல்வதா என்பதுதான் அந்தச் சிரிப்பு.

ஒரு பயிற்சிக்காக இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பினேன். வேலை முடிந்திருந்தது. நீளம் ஐந்தடி. கண்ணாடி போலப் பூசி, ஓரத்தில் கோடு வேறு இழுத்திருந்தார். நான் சண்டை போடவில்லை. நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து நீங்களே ஏறிக் காட்டுங்கள் என்றேன். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கொத்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சக்கரத்தை இரண்டு கையாலும் தள்ளினார். பாதி ஏறி, வந்த வழியே கீழே உருண்டார். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை நாற்காலி மல்லாக்கச் சரிந்தது. தங்கம் அக்கா பின்னால் நின்று பிடித்திராவிட்டால் தலை தரையில் மோதியிருக்கும். அவர் இறங்கினார். கையைத் துடைத்தார். கடப்பாரை எடுத்துவரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்:

“இத இடிச்சிரலாம் டீச்சர், நான் லாரிக்கு கட்டிட்டேன்.”

ஜெபினின் குரல்

ஜெபின் இரண்டாமாண்டு வரலாறு. ஊர் அருமனை. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். பிறவியிலேயே பார்வை இல்லை. அதற்கு ஈடாகவோ என்னவோ, தேவாலயப் பாடகர் குழுவில் மைக் தேவைப்படாத ஒரே ஆள் அவன்தான். மாதிரித் தேர்வுக்கு அவன் சொல்லச் சொல்ல எழுத முதலாமாண்டு வேதியியல் பையன் ஒருவனை ஏற்பாடு செய்தேன். தனி அறை கேட்டேன். மூன்று வாரமாக இல்லை, இல்லை என்ற பதில்தான். கடைசியில் வரலாற்று மாணவர்கள் எல்லாரும் எழுதும் பெரிய அறையிலேயே கடைசிப் பெஞ்சைக் கொடுத்தார்கள். புதியவள் அல்லவா, நானும் சரி என்றுவிட்டேன்.

ஜெபின் விடை சொல்ல ஆரம்பித்தான். மேற்பார்வை ஆசிரியர் மெதுவாகச் சொல்லச் சொன்னார். மெதுவாகச் சொன்னால் எழுதுகிற பையனுக்குக் கேட்கவில்லை. மறுபடி குரல் ஏறியது. நான் எட்டிப்பார்த்தபோது அந்த அறையில் ஒரு பிள்ளைகூட மோட்டுவளையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கவில்லை. எல்லாரும் ஒரே வேகத்தில் எழுதினார்கள். ஜெபின் முற்றுப்புள்ளி என்றதும் எல்லாப் பேனாவும் நின்றது. ஓடிப்போய்த் தேர்வுப் பொறுப்பாளரைக் கூட்டிவந்து அந்தக் காட்சியைக் காட்டினேன். மூன்று வாரமாக இல்லாத தனி அறை பத்தே நிமிடத்தில் கிடைத்தது. மறுநாள் வராந்தாவில் அந்த வகுப்புப் பையன் ஒருவன் என்னை வழிமறித்துச் சொன்னான்:

“மேடம், ஜெபினுக்கு தனி ரூம் குடுத்தது அநியாயமாக்கும், அவன் எங்க கூடவே இருக்கட்டும்.”

மீசை

ஷெரின் கடற்கரைப் பிள்ளை, வணிகவியல் படிக்கிறாள். சிறுவயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். எல்லா வகுப்பும் சரிதான், சுகுமாரன் சார் வகுப்பு மட்டும் ஒன்றும் புரியவில்லை என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்தாள். காரணமும் எழுதியிருந்தாள்: சாருடைய மீசை உதட்டை மறைக்கிறது. அந்த மீசையைப் பார்த்தவர்களுக்குத்தான் என் நிலைமை புரியும். ராணுவத்தில் இருந்த அவருடைய அப்பா வைத்திருந்த அதே மீசை என்று பெருமையாகச் சொல்லுவார். அந்தச் சீட்டை இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வெள்ளிக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு அவர் கையில் கொடுத்துவிட்டேன். படித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்தார்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்குள் வந்தவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மேலுதடு தெரிகிற மாதிரி மீசை நறுக்கி ஒதுக்கப்பட்டிருந்தது. அன்று ஷெரின் ஒரு பக்கம் நிறைய குறிப்பு எழுதிக்கொண்டுவந்து காட்டியபோது எனக்குத் துள்ள வேண்டும்போல் இருந்தது. மாலையில் சுகுமாரன் சார் என் மேசைக்கு வந்தார். வெறுமையாகிவிட்ட உதட்டைத் தடவியபடி தணிந்த குரலில் சொன்னார்:

“எனக்க வீட்டுக்காரி இருபது வருஷமா சொன்னா, நான் கேக்கல்ல, அவகிட்ட இந்தச் சீட்டு கதைய மட்டும் சொல்லிராதீங்க டீச்சர்.”

பேச்சிப்பாறையில் அபிஷா

விலங்கியல் பிள்ளைகளுக்குக் களப்பயணம் கட்டாயம். அந்த வருஷம் பேச்சிப்பாறை அணைப் பக்கத்துக் காடு. அபிஷாவுக்குப் பதிலாக ஒரு கட்டுரை எழுதக் கொடுத்துவிடலாம் என்று துறையில் முடிவு செய்துவிட்டார்கள். அவளுடைய அப்பாவும் அதையே விரும்பினார். கருங்கல் சந்தையில் கடை வைத்திருக்கும் அவருக்கு, மகள் காட்டில் விழுந்துவிடுவாள் என்ற பயம். அபிஷா யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. ரெக்கார்டு நோட்டை என்னிடம் கொண்டுவந்து, மற்றவர்கள் கண்ணால் பார்த்ததை எழுதுவார்கள், நான் மட்டும் புத்தகத்தைப் பார்த்து எழுதவேண்டுமா என்று கேட்டாள். கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே பேச்சிப்பாறைக்குப் போய் நடந்து பார்த்தேன். வழக்கமாகப் போகும் பாதை செங்குத்து. ஆனால் நீர்த்தேக்கத்தின் ஓரமாக ஜீப் போகும் மண் பாதை ஒன்று மட்டமாகப் போனது. பார்க்கவேண்டிய பூச்சியும் தவளையும் அங்கேயும் தாராளமாக இருந்தன. வகுப்பு முழுவதையும் அந்தப் பாதைக்கு மாற்றினேன். பஸ் படி உயரம். தூக்கி ஏற்றுவது அபிஷாவுக்குப் பிடிக்காது. ஆய்வகத்து மரமுக்காலியை எடுத்துப் போய்க் கூடுதல் படியாகப் போட்டோம். அவளே ஏறினாள். அப்பாவிடம் நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

அங்கே முந்தின நாள் மழை. ஈர இலைகளுக்கு நடுவே மற்றவர்கள் குனிந்து தேடினார்கள், அபிஷா தரையில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து தேடினாள். அரை மணிக்கு ஒருமுறை அவள் அப்பா எனக்குப் போன் செய்தார். மதியம் திடீரென்று ஒரே கூச்சல். அட்டை. பிள்ளைகள் செருப்பைக் கழற்றி எறிந்தார்கள், உப்புப் பொட்டலத்துக்கு அடிதடி. அவள் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடியே நான் நேராக அபிஷாவிடம் ஓடினேன். அவள் சுடிதாரின் காலை முழங்கால்வரை சுருட்டிவிட்டிருந்தாள். கணுக்காலில் ரத்தம் கோடாக இறங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

“மேடம், எல்லாரையும் கடிச்ச அட்டை என்னையும் கடிச்சிட்டு, ரெக்கார்டுல எழுதணும்.”

தங்கம் அக்கா எழுதிய பரீட்சை

ஏப்ரல் மாதம் ஜெபினுக்குப் பல்கலைக்கழகத் தேர்வு. பத்து மணிக்குத் தொடக்கம். ஒன்பதரைக்கு, அவனுக்காக எழுதும் வேதியியல் பையன் போன் செய்தான்: இரவு மழையில் வழியில் ரப்பர் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது, எப்படியும் பதினொன்று ஆகும். மற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் அதே நேரத்தில் தேர்வு. வரலாறு படித்தவர்கள் அவனுக்காக எழுதக்கூடாது, பட்டம் வாங்கியவர்களும் எழுதக்கூடாது. ஜெபின் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தான். விரல்கள் மட்டும் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. இந்தத் தேர்வு போனால் அவனுக்கு ஒரு வருஷம் போகும்.

வராந்தாவில் ஓடியபோது எதிரே தங்கம் அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்தார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, கல்லூரிக்குப் போகமுடியாமல் வேலைக்கு வந்தவர் என்பது சட்டென்று நினைவுக்கு வந்தது. குடத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஜெபின் சொல்வதை எழுதமுடியுமா என்று கேட்டேன். என் கையெழுத்து நல்லா இருக்காது, எழுதி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு என்றார். மதிப்பெண் சான்றிதழ் எங்கே என்றேன். அலுவலகக் கோப்பிலேயே இருந்தது! அதை எடுத்துக்கொண்டு நான் ஓட, பின்னால் அவர் ஓட, தேர்வுப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டபோது பத்து ஆக இரண்டு நிமிடம். மூன்று மணி நேரத் தேர்வு, மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் என்ற விதிப்படி அவனுக்கு நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் நான் அந்தக் கதவுக்கு வெளியே நடந்த நடையில் பேச்சிப்பாறைக்கே போயிருக்கலாம்.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. தங்கம் அக்காவின் விரலெல்லாம் மை. ஒரு வார்த்தை விடாமல் எழுதினார் என்று ஜெபின் சொன்னான். நீளமான பெயர்களை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதினாராம். ஜூனில் முடிவு வந்தது. அவன் எல்லாத் தாளிலும் தேறியிருந்தான். அக்கா எழுதிய தாளில்தான் மதிப்பெண் அதிகம். முதலில் அவரிடம்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். துடைத்துக்கொண்டிருந்த மேசையில் துணியை அப்படியே போட்டுவிட்டு, சேலை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“எனக்கும் ஜெபினுக்கும் அடுத்த பரீட்சை எப்பமாக்கும் மேடம்?”

ஆக, சட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதை நடக்கவைக்க ஒருத்தி எத்தனை பேரிடம் பல்லைக் காட்டவேண்டுமோ அத்தனை பேரிடமும் காட்டியாகிவிட்டது; இன்னும் ஒரு பல்லும் விழவில்லை என்பதால் இந்த வருஷமும் பொறுப்பு என்னிடம்தான்.