அறைக்குள் பறந்த எருக்கலைப் பஞ்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு கொப்பியை மூடியவள். ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் இன்னொன்று குறுக்கே வந்து நிற்கும், பிறகு தொடங்கியது மறந்துபோகும். கோயிலில் ஒரு பிள்ளை, "அன்ரி, நீங்கள் மொன்றியலுக்கு வந்த காலத்துக் கதை ஏதும் எங்கட ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கோவன்" என்று கேட்டது. இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, தலையை ஆட்டிவிட்டேன். அப்படித்தான் இந்தப் பேனையைப் பிடிக்க வேண்டி வந்தது. தெரிந்த ஒருவர் எதிரே இருந்து தேத்தண்ணி குடிப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன கிழமை மகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரோசார்ட்டிலிருந்து வந்தாள். புதுக் குளிர் ஜக்கெற் ஒன்று போட்டிருந்தாள். கழற்றி என் மடியில் வைத்து, "அம்மா, பாரமே இல்லை, பாருங்கோ. உள்ளுக்குத் தாரா இறகு இல்லையாம். ஏதோ காட்டுச் செடியின்ர பஞ்சாம். இஞ்ச கியூபெக்கிலயே விளையுதாம்" என்றாள். நான் அதன் கையை அமத்திப் பார்த்தேன். அமத்தினால் ஒன்றுமில்லாமல் போய், விட்டால் மெல்ல மெல்ல மேலே வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் மூக்கில் குட்டி அப்பிள் அவியும் வினாகிரியின் புளிப்பு மணம் வந்தது. பஞ்சுக்கு ஏது அந்த மணம் என்று கேட்காதீர்கள். எனக்கு அந்த இரண்டும் ஒரே பையில்தான் கிடக்கின்றன.

அப்போது நாங்கள் மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம், தண்டவாளத்துக்குக் கிட்ட ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். இரண்டு குடும்பம், இரண்டு அறை. ஒரு அறையில் நானும் இவரும் மகளும். மற்ற அறையில் இவருடைய தமக்கை, அவருடைய புருசன், அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகள். இவருடைய தமக்கையை நான் மச்சாள் என்பேன், அவரின் புருசனை அண்ணை என்பேன். ஆம்பிளைகள் இரண்டு பேரும் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவினார்கள். குசினி ஒன்று, சட்டி ஒன்று, சண்டை இல்லை. சண்டை பிடிக்க எனக்கு வாயும் இல்லை. டாக்குத்தரிடம் போனால் என் வயிற்றுவலியை மச்சாள்தான் சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் டீச்சரோடு மச்சாள்தான் கதைப்பார். பிரெஞ்சில் அவருக்குத் தெரிந்தது இருபது சொல் இருக்கும். அதை வைத்துக்கொண்டு இருநூறு சொல்லுக்குக் கதைப்பார். நான் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நான் சொல்ல வருகிற இலையுதிர் காலத்தில் அந்த வீட்டில் ஒரே ஒரு கதைதான் நடந்துகொண்டிருந்தது. அண்ணைக்கு ரொறன்ரோவில் வேலை ஒன்று தருவதாக ஆரோ சொல்லியிருந்தார்கள். போவதா, இருப்பதா? எங்கள் சனம் அப்போது கிழமைக்கு ஒரு குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே பிரெஞ்சு வேண்டாம், இங்கிலீசு காணும், கடை தெரு எல்லாம் தமிழ் என்றார்கள். ஆம்பிளைகள் சாப்பிடும்போது அதைத்தான் கதைத்தார்கள். மச்சாள் கறிச்சட்டியை எடுக்கக் குசினிக்குப் போய்விடுவார். நான் சோற்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, போகக்கூடாது, போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருப்பேன். நினைப்பதற்கு மட்டும் நான் கெட்டிக்காரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளையும் பைகளையும் கூட்டிக்கொண்டு புறப்படுவோம். அந்த நாட்கள் இப்போது நினைக்க நித்திரைக்குள் நடந்ததுபோல இருக்கின்றன. வெயில் இருக்கும், சூடு இருக்காது. மேப்பிள் மரங்களுக்குக் கீழே மஞ்சள் வெளிச்சம், அதற்குள் நடந்தால் மனிதரின் முகமும் மஞ்சளாக இருக்கும். வேலிகளில் காட்டு முந்திரிகை படர்ந்து கிடக்கும். திராட்சையைத்தான் நாங்கள் முந்திரிகை என்போம். சின்னக் கறுப்புக் குலைகள், அப்படியொரு புளிப்பு. மச்சாள் அதைக் கசக்கி ரசம் வைப்பார். அந்த ரசம் நாவல் நிறத்தில் இருக்கும். இவர் கண்ணை மூடிக்கொண்டுதான் குடிப்பார்.

அடுத்தது குட்டி அப்பிள். தெருவோர மரங்களில் புளியங்கொட்டையிலும் கொஞ்சம் பெரிதாகச் சிவந்து தொங்கும். வெள்ளைக்காரர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை, குருவிகள்தான் தின்னும். நாங்கள் அதை வினாகிரியில் அவித்து ஊறுகாய் போட்டோம், சொதியில் மாங்காய்க்குப் பதிலாகப் போட்டோம், உப்பும் தூளும் பிரட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். அண்ணைக்கு மட்டும் பயம். எங்கள் அகதி வழக்கு அப்போது முடியவில்லை.

"பிறத்தியாற்றை மரத்திலை கை வைச்சியளெண்டால் கேஸ் பிழைச்சிடும், சொல்லிப்போட்டன்."

"அப்பிள் புடுங்கினதுக்கு ஆரையும் திருப்பி அனுப்பினதா நான் கேள்விப்படேல்லை" என்பார் மச்சாள். "அப்பிடி அனுப்பினா, கிடக்கிற ஊறுகாயோட போவம்."

ஒருநாள் ஒரு வீட்டு முன்மரத்தில் நாங்கள் பிடுங்கிக்கொண்டு நிற்க, கதவு திறந்து ஒரு வயதான வெள்ளைக்கார மனுசி பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். என் கால் ஓடத் தொடங்கிவிட்டது, மற்ற உடம்புதான் நின்றது. அந்த மனுசி கிட்ட வந்து, பொல்லின் வளைந்த பக்கத்தால் மேல் கொப்பைக் கொழுவி இழுத்துப் பதித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். புடுங்கு, புடுங்கு என்று கண்ணால் காட்டினார். மச்சாள், "மெர்சி மடாம், மெர்சி மடாம்" என்று சொல்லிச் சொல்லிப் பிடுங்கினார். இடையில் என்னைக் கிள்ளி, "நீரும் ஒண்டு சொல்லுமன்!" என்றார். நான் அந்த மனுசியைப் பார்த்துத் தமிழில், "ஓம்" என்றேன். மச்சாள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு கிழமை சிரித்தார்.

பஞ்சுக்கு வருகிறேன். தண்டவாளத்து ஓரத்தில் ஒரு வெறுங்காணி. அங்கே இடுப்பளவில் ஒரு செடி கூட்டமாக நின்றது. சாம்பல் நிறத்தில் கிளிமூக்குப்போலக் காய்கள். ஒன்று வெடித்து வெள்ளைப் பஞ்சு தள்ளிக்கொண்டிருந்தது. மச்சாள் அப்படியே நின்றுவிட்டார். பச்சையாக நின்ற ஒரு இலையைக் கிள்ளினார், பால் வந்தது. "எடியே, இது எங்கட எருக்கலையின்ர ஒண்டுவிட்ட தங்கச்சி! பால் கண்ணிலை படாமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்று பிள்ளைகளைத் தள்ளிவிட்டார். பிறகு, "தலகணி தைப்பம்" என்றார்.

அண்ணை கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஊரிலை சூட்டுக்குக் குளிர்ச்சியெண்டு எருக்கலைப் பஞ்சு. இஞ்ச குளிருக்குச் சூடெண்டும் அதே பஞ்சோ? நல்ல கதை."

மூன்று பை நிறையக் காய் பறித்துக் கட்டிலுக்குக் கீழே காயவிட்டோம். உறைக்குத் துணி வேண்டும். மச்சாளும் நானும் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் ஏறித் துணிக்கடைகள் இருக்கிற தெருவுக்குப் போனோம். அந்தப் பயணங்கள் எனக்கு நல்ல விருப்பம். ஒன்றும் வாங்காவிட்டாலும் துணிகளைத் தொட்டுத் தொட்டு நடக்கலாம், தொடுவதற்குப் பாஷை வேண்டாமே. தலகணிக்குத் துணி வெட்டிய பிறகு, யன்னல் சீலைக்கு நல்ல பச்சைத் துணி ஒன்று கண்டேன். எங்கள் அறைகளில் யன்னலுக்குப் பழைய படுக்கை விரிப்புத்தான் கட்டியிருந்தோம்.

"மச்சாள், இரண்டு அறைக்கும் சேத்து எடுப்பமே?"

மச்சாள் துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "உங்கட அறைக்கு எடும்" என்றார். "எங்கட அறைக்கு வேண்டாம்."

அவ்வளவுதான். நூல்கட்டை இருந்த பக்கம் போய்விட்டார். நான் அந்தப் பச்சைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வர பஸ் ஏறினோம். மழை தூறியது, பஸ் கண்ணாடியில் ஒரு இலை ஒட்டிக்கொண்டு எங்களோடு கனதூரம் வந்தது. நான் யன்னல் சீலைக்குத் துணி எடுத்தேனா இல்லையா என்பதும் இப்போது ஞாபகமில்லை.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் தலகணிக்குப் பஞ்சு எடுக்க இருந்தோம். ஆம்பிளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். அன்றுதான் அந்த ஆண்டு முதன்முதல் ஹீட்டர் சூடானது. யன்னலுக்குக் கீழே இருக்குமே, அந்த இரும்பு ஹீட்டர். நல்ல கணகணப்பாக இருக்கிறதென்று அதற்குப் பக்கத்திலேயே விரிப்பை விரித்தோம், அங்கேதான் பிழை விட்டோம். பழஞ்சீலை கிழித்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டோம். மச்சாள் முதல் காயைப் பிளந்து விதையை உருவினார். பஞ்சு கையில் நிற்கவில்லை. சூட்டுக் காற்றோடு எழும்பி, அவசரமில்லாமல் முகட்டுக்குப் போனது. அதைப் பிடிக்கக் கையை வீச இன்னும் பத்து எழும்பியது. பிள்ளைகள் குதித்தார்கள், அவர்கள் குதித்த காற்றில் வெடித்த காய் இருந்த பை ஒன்று சரிந்து, அதிலிருந்த பஞ்சு முழுதும் எழும்பியது.

"ஒருத்தரும் மூச்சு விடாதையுங்கோ!" என்று மச்சாள் கத்தினார். கத்தின மூச்சில் அவர் முகத்துக்கு முன்னாலிருந்த பஞ்செல்லாம் பறந்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். சிரித்துக் களைத்து, பஞ்சு தானாக இறங்கும்வரை ஆடாமல் இருப்போம் என்று எல்லாரும் தரையில் மல்லாந்து படுத்தோம்.

எவ்வளவு நேரம் படுத்தோமோ. நாலுமணி வெயில் சரிந்து அறைக்குள் வந்தது. ஒவ்வொரு பஞ்சிலும் வெளிச்சம். அவை இறங்குவதும் ஹீட்டர் பக்கம் வந்ததும் திரும்ப ஏறுவதுமாக இருந்தன. மச்சாளின் சின்னவள் நித்திரையாகிப் போனாள். கீழே சாமான் ரயில் ஒன்று நீளமாகப் போனது, பஞ்செல்லாம் சேர்ந்து ஒருமுறை நடுங்கியது. மச்சாள் என் பக்கத்தில் படுத்திருந்தார். முகட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"உம்மட அண்ணைக்கு அங்க வேலை சரிவந்திட்டுது. நான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை. நீர் என்ன சொல்லுறீர்?"

அந்த வீட்டில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் என்ன சொல்கிறேன் என்று!

போகாதையுங்கோ, மச்சாள். இந்த இரண்டு சொல்லும் என் வாயில் இருந்தது நல்ல ஞாபகம். வாய்க்குமேல் கட்டியிருந்த சீலைத்துண்டு உதட்டில் ஈரமாக ஒட்டியதும் ஞாபகம். அந்தச் சொல் வெளியே போனதா, உள்ளுக்கே நின்றதா என்பதுதான் தெரியவில்லை. மச்சாள் கையைத் தூக்கி ஒரு பஞ்சைப் பிடித்தார். "ம்" என்றார். அது எனக்குச் சொன்ன பதிலா, தனக்குத்தானே சொன்னதா? அதற்குள் கதவு திறந்து இவர் வேலையால் வந்துவிட்டார். அறையைப் பார்த்து, "என்ன, வீட்டுக்குள்ள பனி கொட்டிக் கிடக்குது?" என்றார். எல்லாரும் எழும்பிவிட்டோம்.

மிஞ்சின பஞ்சில் இரண்டு தலகணி தைத்தோம். மரங்கள் எல்லாம் மொட்டையான ஒரு காலையில் அவர்கள் சாமான் ஏற்றிய வான் வண்டியில் ஏறினார்கள். மச்சாள் தன்னுடைய தலகணியை மடியில் வைத்துக்கொண்டு முன்னுக்கு இருந்தார். "போட்டு வாறம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அடுத்த நாள் பால் வாங்கத் தெருமுனையில் இருந்த தெப்பானர் கடைக்குத் தனியாகப் போய், "போன்ஜூர்" என்று சொல்வதற்காக வாசலில் நின்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

இப்போது அந்தக் காணி முழுதும் அடுக்குமாடி. பொல்லுப் பிடித்த மனுசியின் வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். முன்னால் கல்லுப் பதித்து மரத்தை எடுத்துவிட்டார்கள். எங்கள் கட்டிடத்தில் அப்போது எட்டு வீட்டில் தமிழ் கேட்கும், இப்போது ஒன்றுமில்லை. அண்ணையும் இல்லை, இவரும் இல்லை. மச்சாள் ஸ்காபரோவில் மூத்தவளோடு இருக்கிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் எடுப்பார். பிறஷர், சீனி, முழங்கால் என்று கதைப்போம். அந்தப் பின்னேரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். "சரி மச்சாள், வைக்கிறன்" என்றுதான் வாயில் வரும்.

இதில் பிழைகள் இருக்கும். முதல் நடந்ததைப் பிறகும், பிறகு நடந்ததை முதலும் எழுதியிருப்பேன். மலர் போடுகிற பிள்ளைகளே, ஸ்காபரோவில் உள்ளவர்களே, யாராவது இதை மச்சாளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்குக் கண் தெரிவது குறைவு. மற்றப் பிழைகளைத் திருத்தாவிட்டாலும் பரவாயில்லை. அன்றைக்கு நான் சத்தமாகச் சொன்னேனா என்று மட்டும் அவரிடம் கேட்டு எனக்கு அறிவியுங்கள்.